கழிவுக் காய்கறிக்கும் கொந்தராப்பு எடுக்கலாம்

லயத்துக்குப் பின்னால் இரண்டு ஆடு, பத்துக் கோழி. தீனி விலை கையைக் கடிக்கிறது. இறங்கிப் போனால் கலவான டவுன். அங்கே சந்தை கலையும் நேரத்தில் கோவா இலையும் நசுங்கிய தக்காளியும் கறுத்த வாழைப்பழமும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகின்றன. இந்த இரண்டு முனைகளையும் யார் முதலில் இணைக்கிறாரோ அவருக்குத்தான் லாபம்.

“கேட்டுப் பார்த்தேன், தரவில்லை” என்கிறவர்கள் பலர். அவர்கள் தானம் கேட்டிருக்கிறார்கள். தானம், மனம் இருக்கிற நாளில் கிடைக்கும்; இல்லாத நாளில் கிடைக்காது. நீங்கள் வேலை கேளுங்கள். கடை அடைக்கும் நேரத்தில் வியாபாரியின் தரையைக் காலி செய்து கொடுக்கும் வேலை. அதற்குச் சம்பளம் காய்கறியாக வரும். இப்படி நினைத்து இறங்குகிறவருக்குக் கதவு திறக்கும், திறந்தபடியே இருக்கும்.

2022 நெருக்கடியை மறந்துவிடாதீர்கள். டொலர் இல்லாமல் தீவனத்துக்கான சோளம் தட்டுப்பட்டது. தீனி விலை ஏறியது. சிறிய கோழிப் பண்ணைகள் மூடப்பட்டன. 2023இல் முட்டையையே இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தோம். கடைத் தீனியை மட்டும் நம்பியிருப்பது ரிஸ்க். இரண்டாவது சப்ளை லைன் ஒன்றை இப்போதே போட்டு வையுங்கள். வழி இதோ.

1. சரக்கு ஏன் கழிகிறது என்று படியுங்கள்

கலவான தாழ்நிலத் தேயிலையும் றப்பரும் கறுவாவும் விளைகிற ஈரவலயம். கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து லொறியில் இறங்குகின்றன. சாக்கில் திணித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வளைந்து நெளிந்த பாதையில் மணிக்கணக்கில் குலுங்கி வருகின்றன. இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2011இல் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முயன்றபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். சாக்கு இன்றும் ஓடுகிறது. சாக்கு ஓடும்வரை உங்களுக்குச் சரக்கு உண்டு.

கழிவு மூன்று தரம். முதல் தரம், லொறி இறங்கியதும் வெட்டி எறிவது: கோவாவின் வெளி இலை, லீக்ஸ் தலை, கரட் இலை. அழுகல் கிடையாது. இரண்டாம் தரம், வழியில் நசுங்கியது. அன்றைக்கே போட்டுவிட வேண்டும். மூன்றாம் தரம், விற்காமல் பல நாள் கிடந்தது. பாதி குப்பை. லொறி நேரம் தெரியாமல் ஏதோ ஒரு மாலையில் போகிறவருக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரமே மிஞ்சும். லொறி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று தெரிந்தவருக்கு முதல் தரம் கிடைக்கும். இரண்டு வாரம் கவனித்து அந்த டைம் டேபிளை எழுதி வையுங்கள். வாய் திறந்து கேட்பது அதற்குப் பிறகு.

2. எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கழிவுக் காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். கோவாவில் சுமார் 92 சதவீதம். தக்காளியில் அதையும் விடக் கூடுதல். 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்பொருள் வேண்டும். கோவா இலையை மட்டும் போட்டு அதை நிரப்பப் பார்த்தால் 12 கிலோவுக்கு மேல் தேவை. எந்த ஆடும் அவ்வளவு தின்னாது; தின்றால் வயிறு ஊதும்.

ஆகவே திட்டம் இப்படி இருக்கட்டும். ஆடு, மாட்டுக்கு அடித்தளம் புல், பலா இலை, கிளிரிசீடியா. காய்கறிக் கழிவு அதற்கு மேல் வரும் கூடுதல். கிளிரிசீடியா இலையில் புரதம் அதிகம். தண்ணீர்க் காய்கறிக்கு நல்ல ஜோடி. பழகாத ஆடு அதன் வாசனைக்கு முகம் திருப்பும். அரை நாள் வாடவிட்டு, பலா இலையோடு கலந்து பழக்குங்கள்.

முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீனி எடுக்கும். 20 கோழிக்கு மாதம் 70 கிலோ. காலையில் முழுத் தீனியைக் கொடுத்த பிறகே கீரை, இலை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். இலையால் வயிற்றை நிரப்பிய கோழி முட்டையைக் குறைக்கும். அளவாகக் கொடுத்தால் மஞ்சள் கரு நல்ல நிறத்துக்கு வரும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் கஸ்டமர் “நாட்டு முட்டை” என்று கூடுதல் விலை தருகிறார்.

3. ஒரே கடையில் தொங்காதீர்கள்

ஒரு முதலாளி லீவு போட்டால் உங்கள் ஆடு பட்டினி கிடக்கக் கூடாது. குறைந்தது நான்கு சோர்ஸ் வையுங்கள். மரக்கறிக் கடை இலை தரும். பழக்கடை வாழை, பப்பாசி, அன்னாசித் தோல் தரும். அரிசி ஆலை தவிடும் குறுநொய்யும் தரும். அதற்குக் காசு கேட்பார்கள், கொடுத்து வாங்கலாம். பேக்கரியில் பழைய பாண் கிடைக்கும். பாணில் தண்ணீர் குறைவு, மாச்சத்து அதிகம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கோவாவைவிடப் பல மடங்கு சத்து. அதே காரணத்தால் ஆபத்தும் அதிகம். அதை ஒன்பதாவது பகுதியில் சொல்கிறேன்.

சிங்கராஜ வனத்துக்குப் போகும் வழியில், வெத்தாகல, குடாவப் பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கான தங்குமிடங்கள் இருக்கின்றன. காலைச் சாப்பாட்டுக்கு வெட்டும் பழத்தோல் தினமும் விழும். சமைக்காத தோலை மட்டும் தனி வாளியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாளியை நீங்களே கொடுங்கள்.

கிராமத்து வீட்டுத் தோட்டங்களையும் விடாதீர்கள். பலாக் காலத்தில் விழுந்து வெடிக்கும் பழமும் ஈரப்பலாவும் பலருக்குத் தொல்லை. எடுத்துத் துப்புரவாக்கித் தருகிறேன் என்றால் மறுக்கமாட்டார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: புல்லுக்கும் குழைக்கும் சிங்கராஜ எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். 1988 முதல் உலக மரபுரிமைக் காடு அது. ஒரு கட்டுக் குழைக்காக வழக்கு வாங்குவது மோசமான பிஸ்னஸ்.

4. முப்பது விநாடி பிட்ச்

கூட்டம் நிற்கும்போது பேசாதீர்கள். கொழுந்துக் கறையோடும் சேற்றுக் காலோடும் போகாதீர்கள். முகம் கழுவி, துப்புரவான உடுப்பில், மூடியுள்ள வாளியோடு போங்கள். உங்கள் வாளியைப் பார்த்துத்தான் உங்கள் வேலையை எடைபோடுவார்.

பெரும்பாலான கடைக்காரர் சிங்களத்தில் பேசுகிறவர்கள். நீங்களும் சிங்களத்தில் பேசுங்கள். “முதலாலி, அயின் கரன எலவலு டிக்க மம ஹெமதாம ஹவஸட்ட அரன் யன்னம். தென அஸ்பஸ் கரலா தென்னம்.” கழித்துப் போடும் மரக்கறியைத் தினமும் மாலையில் நான் எடுத்துப் போகிறேன், இடத்தையும் ஒதுக்கித் தருகிறேன் என்று பொருள். கேள்வியே இல்லாத இரண்டு வசனம். அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிட்டீர்கள்.

“எனக்குக் கஷ்டம், பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று தொடங்காதீர்கள். கஷ்டத்தைக் கேட்டு ஒரு நாள் தருவார். வசதியைப் பார்த்து வருடம் முழுவதும் தருவார். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கேட்கவும் வேண்டாம். ஒரு வாரம் ட்ரையல் கேளுங்கள். “ஒரு கிழமை பாருங்கள் முதலாளி, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.” மறுப்பதற்குக் காரணம் இல்லாத டீல் இது.

5. நேரம்தான் உங்கள் முதலீடு

இந்தத் தொழிலில் பணம் போடுவதில்லை. நேரம் தவறாமையைப் போடுகிறீர்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நில்லுங்கள். ஒரு நாள் வராவிட்டால் அழுகல் கடை வாசலில் கிடக்கும். இரண்டாம் நாள் வேறு ஒருவர் உங்கள் இடத்தில் நிற்பார். வரமுடியாத நாளில் வீட்டில் ஒருவரை அனுப்புங்கள், அல்லது முதல் நாளே வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியைப் போட்டுவிட்டு வராதீர்கள். முழுவதையும் அள்ளுங்கள். ஆகாததை வீட்டில் உரக்குழியில் போடலாம். இந்த ஒரு பழக்கம் போதும், மற்றவரிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்ட.

போக்குவரத்தைத் திட்டமிடுங்கள். சாறு வடியும் உரச்சாக்கை பஸ்ஸில் ஏற்றினால் கொண்டக்டர் அடுத்த நாள் கை நீட்டியும் நிறுத்தமாட்டார். மூடியுள்ள பெயின்ட் வாளி வாங்குங்கள். பாரம் கூடும் நாளில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஆட்டோ பிடியுங்கள்.

வேலை நேரத்தை வெட்டிக்கொண்டு ஓடாதீர்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அன்றைய அந்தக் கணக்கிலேயே அரைப்பேர் போனால் 675 ரூபா நட்டம். இரண்டு வாளிக் கோவா இலை அந்தப் பணத்துக்கு ஈடாகாது. ஆறு மணிக்குப் பிறகு, ஞாயிறு, போயா நாள் என்று உங்கள் ரூட்டை அமையுங்கள்.

6. போட்டி வரும், தயாராக இருங்கள்

நீங்கள் வாளியோடு போவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள். பன்றி வளர்க்கிறவர் காசு கொடுக்கவும் முன்வருவார். கோபப்பட்டுப் பயனில்லை. சந்தை அப்படித்தான். உங்கள் பிடியை இறுக்குங்கள்.

முதல் வழி, திருப்பிக் கொடுப்பது. மாதம் ஒருமுறை பத்து முட்டை. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் ஒரு பை. அவர் வீட்டு ரோஜாச் செடிக்கு ஒரு சாக்கு ஆட்டெரு. செலவு சிறிது, ஞாபகம் பெரிது. இரண்டாவது வழி, கடையில் வேலை செய்யும் பையன்களை மதிப்பது. எதை எந்த வாளியில் போடுவது என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தேநீர் வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது வழி, எருவை வைத்துப் பேரம் பேசுவது. இலங்கைத் தேயிலையில் நான்கில் மூன்று பங்கு அளவு சிறுதோட்டக்காரருடையது. கலவானவைச் சுற்றிலும் அவர்கள் நிறைய. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது எருவின் அருமை அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஆட்டெரு கொடுங்கள், அவர்கள் கவ்வாத்து வெட்டும் கிளிரிசீடியாக் குழையைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் பணம் கைமாறாத டீல்.

7. வாளியைக் கொட்டி, தரம் பிரியுங்கள்

வந்த சரக்கை நேரே தொட்டியில் கொட்டுகிறவர் ஒரு நாள் ஆட்டை இழப்பார். தார்ப்பாயில் பரப்புங்கள். றப்பர் பான்ட், பொலித்தீன், கயிறு, ஸ்டேப்பிள் பின் எல்லாவற்றையும் எடுங்கள். மாட்டின் வயிற்றில் போன பொலித்தீன் அங்கேயே உருண்டு அடைத்துக்கொள்ளும். பிறகு கழுவுங்கள், பூச்சிமருந்து மேல் இலையில்தான் அதிகம் இருக்கும்.

கையில் எடுத்தவுடன் ஒதுக்க வேண்டியவை இவை. பச்சை நிறம் ஏறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கு: சொலனின் நஞ்சு. பட்டர்புரூட்டின் பழம், தோல், கொட்டை, இலை: கோழிக்கும் ஆட்டுக்கும் முயலுக்கும் ஆகாது. வெங்காயம்: மாட்டின் இரத்தத்தைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த எதுவும்: அதில் அஃப்ளடொக்சின் இருக்கலாம். பூஞ்சணத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, அவித்தாலும் போகாது, பசு தின்றால் பாலில் இறங்கும். வாத்து வளர்க்கிறவர்கள் இரட்டிப்புக் கவனம் எடுங்கள். வாத்துக்கு அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. கலவான மழையில் பாணும் தேங்காய்ப் புண்ணாக்கும் சீக்கிரம் பூக்கும்.

மரவள்ளித் தோலையும் இலையையும் பச்சையாகப் போடாதீர்கள். சயனைட் சேர்ந்த நஞ்சு உண்டு. வெட்டி, நன்றாகக் காயவிட்டுத்தான் போட வேண்டும். கிழங்கானால் தோல் சீவி, திறந்த பாத்திரத்தில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

8. எச்சில் சோற்றுக்கு ‘வேண்டாம்’ சொல்லுங்கள்

ஹோட்டல்காரர் இலையோடு சோறும் கறியும் சேர்த்துத் தருவார். சும்மா கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். 2024இன் கடைசி மாதங்களில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவியது. மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு மருந்து கிடையாது. வந்த பட்டியில் மிஞ்சுவது அபூர்வம். அந்த வைரஸ் சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உயிரோடு பயணம் செய்யும்.

2001இல் பிரித்தானியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். சூடாக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகள் இருந்த ஒரு பண்ணையில் கால்-வாய் நோய் தொடங்கியது. நாடு முழுவதும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகளைக் கொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டு அங்கே எச்சில் உணவைத் தீனியாகப் போடுவதைத் தடைசெய்தார்கள்.

பன்றிக்கு எச்சில் போட்டே ஆக வேண்டும் என்றால் உலக விலங்குச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு இது: 90 பாகை வெப்பத்தில், கிண்டிக்கொண்டே, முழுதாக 60 நிமிடம். ஒரு கொதி வந்ததும் இறக்குவது போதாது. விறகுச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். பச்சைக் காய்கறியே மலிவு. ஆடு, மாட்டுக்கு இறைச்சி, மீன் கலந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

9. கூடுதலாகக் கிடைத்த நாள்தான் ஆபத்தான நாள்

2024 யூனில் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மிஞ்சித் தின்ற ஐந்து பசுக்கள் செத்துப்போயின. காரணம் எளிது. மாச்சத்தும் இனிப்பும் திடீரென்று கூடினால் அசைபோடும் பிராணியின் முதல் வயிற்றில் அமிலம் பெருகும். நார்ச்சத்தை உடைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழியும். மாடு படுக்கும். அதற்குப் பிறகு மருத்துவருக்கும் நேரம் போதாது.

இதிலிருந்து நான்கு ரூல் எடுங்கள். ஒன்று, புதிய தீனியை ஒரு கைப்பிடியில் தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் ஏற்றுங்கள். இரண்டு, பாண், சோறு, கனிந்த பலா, வாழைப்பழம் எல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ருசிக்கு மட்டும். முதலில் புல், பிறகுதான் இவை. மூன்று, கோவா வகையை மொத்தத் தீனியில் சிறு பங்காக வையுங்கள். கூடினால் வயிறு ஊதும், பாலில் வாசனை ஏறும். நான்கு, கட்டியாக வெட்டாதீர்கள். உருண்டைக் கிழங்கு தொண்டையில் சிக்கும். நீளவாக்கில் கீறிப் போடுங்கள்.

பால் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பும் கொழுப்பல்லாத திண்மமும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நார் குறைந்து மாச்சத்து கூடினால் கொழுப்பு இறங்கும். போத்தல் நிறையப் பால் இருந்தும் ரூபா குறையும்.

10. மழை நாளுக்கு ஒரு பேக்கப்

2017 மே வெள்ளத்திலும் மண்சரிவிலும் கலவான எப்படித் துண்டிக்கப்பட்டது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பாதை மூடினால் சரக்கு வராது. சரக்கு மலிந்த நாளில் சேமிக்கத் தெரிந்தவர் அன்றைக்குத் தப்புவார்.

சேமிக்கும் முறை சைலேஜ். காய்கறியை இரண்டு சென்றிமீற்றர் அளவுக்கு வெட்டுங்கள். ஒரு நாள் வாடவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சுவதற்குத் தவிடோ உலர்ந்த புல்லோ சேருங்கள். நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ சீனிப்பாகு, அல்லது விற்க முடியாத கித்துள் பாணி கலந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பரலில் அடுக்கடுக்காகப் போட்டு, ஏறி நின்று மிதித்துக் காற்றை வெளியேற்றுங்கள். பொலித்தீன் போட்டு மூடி, மேலே கல் வையுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு திறந்தால் இதமான புளிப்பு வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றமோ பூஞ்சணமோ இருந்தால் எருக்குழிக்கு அனுப்புங்கள்.

இது புதிய பரிசோதனை இல்லை. பழ, காய்கறிக் கழிவைக் கால்நடைத் தீனியாக்குவது பற்றி ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2013இல் தனி நூலே வெளியிட்டது. எழுதியவர்கள் பஞ்சாபின் லூதியானாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். பெங்களூரில் உள்ள இந்தியக் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் அன்னாசிக் கழிவில் சைலேஜ் செய்து காட்டியிருக்கிறது.

11. லயத்தில் உங்கள் பெயரைக் காப்பாற்றுங்கள்

லயத்தில் ஒரே சுவர், இரண்டு குடும்பம். உங்கள் வாளியின் நாற்றம் அடுத்த காம்பராவுக்குள் போன அன்றே பிரச்சினை தொடங்கும். முறைப்பாடு தலைவருக்குப் போகும், அங்கிருந்து துரையிடம் போகும். ஆட்டுக் கொட்டில் போடுமுன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள், முடிந்தால் எழுத்தில். அன்று வந்ததை அன்றே முடியுங்கள். மிச்சத்தை இரவில் திறந்து வைக்காதீர்கள்.

இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. மிச்சம் எலியை அழைக்கும். இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு போதும் அதற்கு. பூட்ஸ் போடுங்கள், கையுறை போடுங்கள். வயல், சேற்று வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு, பி.எச்.ஐ. ஐயாவிடம் கேளுங்கள். காய்ச்சலும் தசைவலியும் வந்தால் ஆஸ்பத்திரியில் “ஆடு, மாட்டு வேலை செய்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்கு வாரம் நாலு முட்டை கொடுங்கள். அவர்கள் உங்கள் தொழிலின் பங்காளிகள். கொட்டில் இருப்பதால் அவர்களுக்கும் ஏதாவது வந்தால்தான் கொட்டில் நிலைக்கும்.

12. கொப்பியில் எழுதுங்கள், அடுத்த படிக்கு ஏறுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். நாள், கடை, எத்தனை வாளி, கழித்தது எவ்வளவு, பஸ் காசு, அன்றைய முட்டை, பால். மூன்று மாதம் எழுதினால் எந்தக் கடை உண்மையில் லாபம் தருகிறது, எது உங்கள் காலை மட்டும் தேய்க்கிறது என்று தெரியும். லாபம் தராத கடையை நன்றி சொல்லி விடுங்கள்.

இந்தக் கொப்பிக்கு இன்னொரு மதிப்பு உண்டு. வங்கியில் கடன் கேட்கும்போதும் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் கையில் ரெக்கோட் உள்ளவருக்கே மரியாதை. அந்த அலுவலகத்தில் உங்கள் பெயரைப் பதியுங்கள். தடுப்பூசி, பயிற்சி, திட்டங்கள் பற்றிய தகவல் பதிந்தவரைத்தான் முதலில் தேடி வரும்.

பெரிதாக நினைக்கவும் பழகுங்கள். ஜப்பானில் சகமிஹாரா நகரில் ஒரு நிறுவனம் கடைகளும் உணவுத் தொழிற்சாலைகளும் கழிப்பதை எடுத்து, சூடாக்கி, புளிக்கவைத்துப் பன்றிகளுக்குத் திரவத் தீனியாக்குகிறது. கழிப்பவரிடமிருந்து அகற்றும் கட்டணம், பண்ணையாளரிடமிருந்து தீனி விலை என்று இரண்டு பக்கமும் வருமானம். உங்களுக்கும் அந்தப் பாதை உண்டு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்த பிறகு, குப்பையைக் குறைப்பது எந்த உள்ளூராட்சிச் சபைக்கும் தலைமேல் உள்ள பொறுப்பு. ஐந்து வீடு சேர்ந்து ஒரு குழுவாகுங்கள். கலவான பிரதேச சபைக்குப் போய், சந்தையின் மரக்கறிக் கழிவைத் தரம் பிரித்து எடுக்கிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களுக்கு டீசலும் ஆளும் மிச்சம். உங்களுக்கு முறையான கொந்தராப்பு.

வீட்டில் உயர்தரம் படிக்கும் தம்பி, தங்கச்சி இருந்தால் இந்த வேலையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடத்தில் கால்நடை உற்பத்தியைப் பாடமாகப் படிக்கலாம். கொட்டில் வேலை தெரிந்த பட்டதாரிக்கும் புத்தகம் மட்டும் தெரிந்த பட்டதாரிக்கும் இன்டர்வியூவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இந்தக் கிழமைக்கு உங்கள் வேலை மூன்றே. லொறி இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள இரண்டு வாளி வாங்குங்கள். ஒரே ஒரு கடைக்காரரிடம் ஏழு நாள் ட்ரையல் கேளுங்கள். மற்றக் கடைகள் பிறகு வரும். அந்த ஏழு நாளில் ஒரு நாளும் தவறாமல் போய் நில்லுங்கள்.